மல்லிகா சொல்லாத கடைசி ஆசை

மல்லிகா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வழியாகத்தான் வந்தது. அன்று ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டிய முறை என்னுடையது. துவைத்து மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். சிவப்புப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, கூப்பிய கை, பின்னால் தாமரைக் குளம். அந்த உடம்பின் மேல் மல்லிகாவின் முகம். ‘எங்கள் குலவிளக்கு அணைந்தது’ என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மல்லிகா கண்ணாடி போடுபவர். கண்ணாடியில்லாத அவர் முகத்தை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை அழித்துவிட்டு அங்கே இரண்டு மை தீட்டிய கண்களை வரைந்து வைத்திருந்தார். கீழே ‘துயரத்தில் பங்குகொள்வோர்’ என்று ஒரு வரிசை. கணவர், கணவரின் அண்ணன், சித்தப்பா, மாமன், மைத்துனன் என்று அத்தனையும் ஆண்கள். அவர் பெற்ற ஒரே மகள் கயல்விழியின் பெயர் அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் மாறி மாறி அவரைப் பார்த்துக்கொண்ட பெண்களில் ஒருவர் பெயரும் இல்லை. மூலையில் எங்கள் வட்டார இலக்கியப் பேரவைத் தலைவரின் கவிதை வரி ஒன்று, ‘பொறுமையின் பூமித்தாயே’ என்று. அதைப் பார்த்ததும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன்.

அதே தலைவர்தான் இந்த நினைவஞ்சலியை என்னிடம் கேட்டார். பேரவை ஒரு நினைவு மலர் போடுகிறதாம். இரண்டு பக்கம் வேண்டுமாம். “நல்லதா எழுதுங்க டீச்சர், சர்ச்சை எதுவும் வேணாம்” என்றார். இது அந்த மலரில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் பெண்களின் ‘அடுப்படி’ வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். அஞ்சலிக்காக மட்டும் எழுதவில்லை, பழி தீர்த்துக்கொள்ளவும்தான். யார் யாருக்கு இது போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்.

மல்லிகாவை நான் முதலில் பார்த்தது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில். நான் அங்கே கணக்கு டீச்சர். கயல் அப்போது ஒன்பதாம் வகுப்பு. தமிழ் சார் ‘என் அம்மா’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். அந்தப் பெண், என் அம்மா எல்லோரும் சாப்பிட்ட பிறகு மீதி இருந்தால் சாப்பிடுவார், இதைத் தியாகம் என்று எழுதச் சொல்கிறார்கள், எனக்கு இது அநியாயமாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டாள். சார் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டு, பெற்ற தாயை இழிவுபடுத்தாதே என்று எழுதி மதிப்பெண்ணே கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு மதியம் மல்லிகா வந்தார். களை பறித்த கையைக் குழாயடியில் கழுவிக்கொண்டு நேராக வந்திருந்தார். புடவை ஓரத்தில் சேறு காயவில்லை. சார் எழுந்து, உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தானம்மா அப்படிச் செய்தேன் என்றார். மல்லிகா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இந்தக் கட்டுரையப் படிச்ச அன்னையிலேருந்து எங்க வீட்டுல நானும் எல்லாரோடயும் ஒக்காந்து சாப்புடுறேன் சார். ஒரு புள்ள எழுதி ஒரு வீட்ட மாத்தியிருக்கு. அதுக்கு மார்க் கெடையாதுங்களா?”

சார் பாடத்திட்டம், மாதிரி விடை என்று ஏதேதோ சொன்னார். மதிப்பெண் கடைசி வரை வரவில்லை. ஆனால் நான் அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, அந்தம்மாவோடு பஸ் நிறுத்தம் வரை பேசிக்கொண்டே நடந்தேன். அந்தப் பேச்சு அப்புறம் நிற்கவே இல்லை.

‘அடுப்படி’ குழுவை அவர் ஆரம்பித்த கதை உங்களுக்குத் தெரியும். எழுத உட்கார அவருக்கு நேரம் கிடையாது. அதனால் காலையில் சமைத்துக்கொண்டே போனில் பேசி அனுப்புவார். பின்னால் குக்கர் கத்தும், மாடு கத்தும், சில நாள் கணவர் துண்டு எங்கே என்று கத்துவார். “இருங்க, உங்க தோள்ல பாருங்க” என்று அதற்கும் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நடவு நட்டால் பொம்பளை ஆள், டிராக்டர் ஓட்டினால் டிரைவர், இந்த வேலைகளுக்கெல்லாம் பெயர் வைத்தது யார் என்று ஒருநாள் கேட்டார். அன்று முழுக்க நாம் ஆளுக்கொன்றாகப் பெயர் வைத்து விளையாடினோம். பிடுங்கிய நாற்றை முடிகளாகக் கட்டுகிறவருக்கு உங்களில் ஒருவர் வைத்த பெயரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கற்பனையைப் பற்றி அவர் பேசியதை நான் என் வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன். “கற்பனைன்னா இல்லாதத நெனைக்கிறது இல்ல டீச்சர். இருக்கறது வேற மாதிரி இருந்தா என்னன்னு கேக்கறது” என்றார். அதற்கு அவர் சொன்ன உதாரணம் ரசம். யோசித்துச் செய்த அன்று அலுப்பே தெரிவதில்லையாம். பழக்கத்தில் செய்த அன்று உடம்பெல்லாம் வலிக்கிறதாம். பெண்களுக்குப் பாதி வலி வேலையால் வருவதில்லை, யோசிக்க விடாததால் வருகிறது என்று முடித்தார். பிறகு குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, பதிவை அதோடு நிறுத்திவிட்டார்.

அவருடைய மூன்று கேள்விகளை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இந்த இலையைத் தின்றால் சர்க்கரை போகும், அந்த நேரத்தில் குளித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று யாராவது எதையாவது அனுப்பினால் உடனே வரும். “யாரு சொன்னா? எப்பச் சொன்னாங்க? நீங்க பாத்தீங்களா?” முதலில் நமக்கெல்லாம் எரிச்சலாகத்தான் இருந்தது. என் அக்காகூடக் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய், ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். போகப் போக நாமும் கேட்க ஆரம்பித்தோம். ஜோசியக்காரரிடம் கேட்டோம், உரக்கடைக்காரரிடம் கேட்டோம், ஒருமுறை பொண்ணு பார்க்க வந்தவர்களிடமே கேட்டுவிட்டோம்.

இலக்கியப் பேரவைத் தலைவரிடமும் அவர் கேட்டதுண்டு. மலரில் வரக் கூடாது என்று தலைவர் நினைப்பது இதைத்தான். பேரவையின் மகளிர் தின விழாவில் மல்லிகாவுக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் தலைவர் அரைமணி நேரம் பேசினார். பெண் பூமியைப் போன்றவள், எத்தனை மிதித்தாலும் தாங்குவாள் என்றார். கைதட்டினார்கள். அடுத்து மல்லிகா எழுந்து போய் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

“ஐயா சொல்றது நல்லாத்தான் இருக்கு. பூமின்னா உழுவோம், மிதிப்போம், தேவைப்பட்டா வித்துருவோம். எங்கள எதுக்குங்கய்யா அதோட சேக்கறீங்க?”

மைக் அணைந்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்றார்கள். மேடைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மல்லிகா மைக்கை விட்டுவிட்டு மேடை நுனிக்கு வந்து மிச்சத்தைத் தன் சொந்தக் குரலில் பேசி முடித்தார். களத்துமேட்டில் பேசிப் பழகிய குரல், கடைசி நாற்காலி வரை கேட்டது. அதற்குப் பிறகு பேரவை அவரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. செத்த பிறகுதான் கூப்பிட்டிருக்கிறது, பதில் பேச மாட்டார் என்ற தைரியத்தில். ‘பொறுமையின் பூமித்தாயே’ என்ற அந்த வரியை எழுதும்போது தலைவருக்கு அந்த மேடை ஞாபகத்துக்கே வரவில்லையா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இனி ஆஸ்பத்திரி. இதில் ஒரு விஷயத்தை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறலோடு மல்லிகாவைச் சேர்த்த அன்றே வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். சில நாள் கழித்துத் தொண்டையில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். சேர்த்ததிலிருந்து கடைசி வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. இது நமக்குத் தெரியும், ஏனென்றால் நாம்தான் கூட இருந்தோம். பெண்கள் பகுதி என்பதால் உள்ளே பெண்களைத்தான் விட்டார்கள். அது சில ஆண்களுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. கணவர் வாசல் பெஞ்சில் இருந்தார், மருந்து வாங்கி வருவார். அவருடைய அண்ணன் ஒரே ஒருநாள் வந்தார். கீழே டீக்கடையில் நின்று போனில் நெல் கொள்முதல் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார். அவரை ஊரில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், மரியாதைக்காக இல்லை, பெயரைச் சொல்லப் பிடிக்கவில்லை.

பெரியவரின் மனைவி சரோஜா அக்காதான் நம் எல்லோரையும்விட அதிகமாக அங்கே இருந்தவர். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவரும். சரோஜா அக்கா நம் குழுவில் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை அனுப்பியதில்லை. மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது முந்தானைக்குள் போனை வைத்துக்கொண்டு கேட்பாராம். மல்லிகாவின் நாக்கை ஈரத் துணியால் துடைத்துவிட்டது அவர். சளி அடைத்தால் நர்ஸைக் கூப்பிட ஓடியதும் அவர். தண்ணீர் வேண்டும் என்றால் மல்லிகா கட்டில் கம்பியை மோதிரத்தால் தட்டுவார். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

நானும் சரோஜா அக்காவும் சேர்ந்து இருந்த ஒரு மாலையில் கயல் வந்தாள். பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். கண்ணாடி இல்லாமல் மல்லிகாவுக்குத் தெரியவில்லை. நான் எடுத்து மாட்டிவிட்டேன். படித்தார். கயல், நான் போகலம்மா, நீ நல்லானதுக்கு அப்புறம் பாத்துக்கலாம் என்று அழுதாள். மல்லிகா கையைத் தூக்கினார். ஊசி குத்தி வீங்கிப்போன கை. காயப்போட்ட நெல்லில் வாய் வைக்கும் கோழியை விரட்டுவாரே, அதேபோல் வீசினார். போ, போ, போ என்று. கயல் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சரோஜா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் அதிக நாள் இல்லை. கருமாதிக்கு நீங்கள் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். காரியம் முடிந்து பந்தலில் படத்திறப்பு. முன்னால் நாற்காலிகளில் ஆண்கள், பின்னால் ஜமுக்காளத்தில் நாம். தலைவர் திரையை விலக்கினார். அதே பட்டுப்புடவை, அதே வரைந்த கண். தலைவர் மறுபடி பூமி, பொறுமை என்று பேசினார். வாழ்நாளில் ஒருவரையும் எதிர்த்துப் பேசாத உத்தமி என்றார். என் பக்கத்தில் இருந்தவர் என் தொடையைக் கிள்ளினார். பிறகு பெரியவர் மைக்கை வாங்கினார்.

நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டே, வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்புவதற்குள் கல்யாண வயதில் இருக்கும் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று. அதைத்தான் பிடித்துக்கொண்டார். அவரோடு சேர்ந்து நெல் வியாபாரம் செய்யும் அரிசி ஆலைக்காரர் முன்வரிசையில், மகனோடு, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டுக்கு அத்தனை சென்ட் போட்டு வந்தவர்களை நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

“தம்பி சம்சாரம் ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘அத்தான், வருஷம் திரும்பறதுக்குள்ள எம் பொண்ணுக்கு ஒரு நல்ல எடமா நீங்களே பாத்து முடிச்சு வச்சிருங்க, படிச்சது போதும்’னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சு. அது கடைசி ஆசை. அத நிறைவேத்துறது என் கடமை.”

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மல்லிகாவின் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வாசல் பெஞ்சில் அத்தனை நாள் இருந்தவர், தன் மனைவிக்குக் குரல் போனது தெரிந்தவர், தன் மகளின் வாழ்க்கை மைக்கில் விலைபேசப்படுவதைக் கேட்டுக்கொண்டு காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரைக்கூட ஒருநாள் நான் மறந்துவிடலாம். குனிந்த அந்தத் தலையை மன்னிக்க மாட்டேன். இதை அவர் படிப்பார், படிக்கட்டும்.

கயல் என் கையைப் பிடித்தாள். அம்மாவின் கடைசி ஆசை என்று ஊர் முன்னால் சொல்லிவிட்ட பிறகு ஒரு பெண் எப்படி மறுப்பாள்? மறுத்தால் செத்த தாயை மதிக்காதவள் ஆகிவிடுவாள். பெரியவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். நான் எழுந்திருக்கலாம் என்று முழங்காலை ஊன்றினேன். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“எப்பச் சொன்னுச்சு?”

சரோஜா அக்கா. நாலு பேர் முன்னால் அவர் புருஷனைப் பார்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. பெரியவருக்கு முதலில் யார் என்று புரியவில்லை. புரிந்ததும், நீ உள்ளே போய்ப் பந்தி வேலையைப் பார் என்றார். மைக் அவர் கையில் இருந்ததால் அது ஊருக்கே கேட்டது. அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

“தொண்டையில குழாய் போட்டுக் கெடந்த பொம்பளைங்க அது. நான்தான் பக்கத்துல இருந்தேன். தண்ணி வேணும்னு கேக்கறதுக்குக்கூட அதுக்கு வாய் வரல, கம்பியத் தட்டித்தான் கேட்டுச்சு. நீங்க மாடியே ஏறலியே. ஒங்ககிட்ட மட்டும் எப்புடிங்க பேசுச்சு?”

பக்கத்தில் சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார். தலைவர்தான் காப்பாற்ற வந்தார். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, அம்மா, ஆன்மா பேசும், அதற்குக் குரல் தேவையில்லை என்றார். அப்போது ஜமுக்காளத்தில் மூன்று நான்கு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டது. “நீங்க பாத்தீங்களா?” கேட்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள் என்பதும் தெரியும்.

அரிசி ஆலைக்காரர் சாப்பிடாமல் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பெரியவர் வியர்த்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வாயில் அன்றைக்குக் குழாய் எதுவும் இல்லை, ஆனாலும் பேச்சு வரவில்லை. எனக்கு அது எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். துக்க வீட்டில் சந்தோஷப்படலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அன்று நான் வடை பாயசத்தோடு வயிறு நிறையச் சாப்பிட்டேன். கயலின் இலைக்கும் எல்லாவற்றையும் நானே கேட்டு வாங்கிப் போட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கயல் பெரியப்பா முன்னால் போய் நின்று, திங்கட்கிழமை பெங்களூர் கிளம்புகிறேன் என்று சொன்னாள். அனுமதி கேட்கும் குரலில் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். திங்கட்கிழமை அவளை ரயிலேற்ற அப்பா வரவில்லை. நானும் சரோஜா அக்காவும் போனோம். அக்கா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டி நகர்ந்ததும் அந்தப் பெண் ஜன்னலில் முகத்தை வைத்து எங்களைப் பார்த்து அழுதாள். இறங்கிவிடுவாளோ என்று எனக்கே பயமாக இருந்தது. சரோஜா அக்கா கையைத் தூக்கி, கோழியை விரட்டுவதுபோல் வீசினார். போ, போ, போ.

மல்லிகாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கை வீச்சைத்தான். பொறுமையை எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது அவரிடம் இருந்ததே இல்லை. கண்ணாடியைச் சரோஜா அக்கா எடுத்துக்கொண்டார். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் பட்டுப்புடவைப் படத்தின் மேல் அதைக் கம்பியால் கட்டிவிட்டிருக்கிறார். பெரியவர் ஒருமுறை கழற்றினாராம். அக்கா மறுபடி கட்டினாராம். இப்போது பெரியவர் அதன் கீழே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறார்.

கட்டுரையின் கடைசியில் அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் சேர்க்கும்படி தலைவர் சொல்லியிருந்தார். நான் சேர்க்க மாட்டேன். நீங்கள் சாந்தியடைய வேண்டாம், மல்லிகா. இங்கே இன்னும் அவர்கள் கையில்தான் மைக் இருக்கிறது.